சாமி மாட்டிய ஆயில் ஃபில்டர்

"நான் கிளம்புறேன்மா," என்றார் காசிலிங்கம். தோளில் மூட்டை இருந்தது.

பூங்கோதையம்மா சின்ன டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்ன குறைங்கய்யா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உங்க மேல ஒரு குறையும் இல்ல. என் தலையெழுத்து மேலதான். நான் சாமியத் தேடி வந்தவன். நான் மலையேறுறதுக்கு முந்தின மாசமே அவரு போயிட்டாரு. பந்தி முடிஞ்சு இலை எடுக்கிற நேரத்துக்கு வந்தவன் கதையாப் போச்சு."

"ம்."

"அவர் காலத் தொடக் கொடுத்து வைக்கல. அவர் வாயால ஒரு வார்த்தை கேட்கக் கொடுத்து வைக்கல. நீங்க கூட இருந்து கத்துக்கிட்டீங்க. உங்களுக்குச் சாமி இருக்காரு. எனக்கு யாரு இருக்கா?"

ஒரு ஸ்பேனர் மட்டும் வெளியே வந்தது.

சிறுமலையில், எலுமிச்சைத் தோப்புக்கு நடுவில் இருந்தது அந்த மடம். அதை நடத்திய சாமி சமாதியான பிறகு பார்த்துக்கொண்டவர் அவருடைய சிஷ்யை பூங்கோதையம்மா. காசிலிங்கத்துக்கு மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் எல்லோருக்கும் அவர் அம்மா.

காசிலிங்கம் திண்டுக்கல்காரர். வாலிபத்திலிருந்து பூட்டு செய்தவர். "என் பூட்டைத் திறக்க என் சாவி வேணும், இல்லாட்டி மறுபிறவி வேணும்" என்பது அவர் பெருமை. பட்டறையை மகனிடம் விட்டுவிட்டுத்தான் வந்தார். ஆனால் தொழிலை விட்டது கைக்குத் தெரியவில்லை. அவர் மூடிய குழாயைத் திறக்க ஆள் தேட வேண்டும். அவர் கட்டிய அரிசி மூட்டையைச் சமையல் பார்க்கும் வெள்ளத்தாய் அவிழ்த்ததே கிடையாது, கத்தியால்தான் அறுப்பாள். ஊறுகாய் ஜாடி அவர் கைக்குப் போனால் அந்த வருஷத்துக்கு ஊறுகாயை மறந்துவிட வேண்டியதுதான்.

பூங்கோதையம்மா வெளியே வந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் ஒரு கை பிடிச்சிட்டுப் போங்க."

மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. டிராக்டர் நின்றதால் தண்ணீர்த் தொட்டி இழுக்க வழியில்லாமல் எலுமிச்சைக் கன்றுகள் வாடிக் கிடந்தன. சாமி போன கொஞ்ச நாளிலேயே யாரோ ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் ஓட்டி, இன்ஜின் வெடிப்பு விட்டுவிட்டது. அந்தப் பழைய இன்ஜினைக் கழற்றித் தரையில் இறக்கியிருந்தார்கள். அதற்குப் பதிலாக வாங்கிய இன்ஜின் பலாமரக் கிளையில் சங்கிலி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

காசிலிங்கம் மூட்டையைக் கீழே வைத்தார்.

தொங்கும் இன்ஜினின் விலாவில் டம்ளர் அளவுக்கு ஒரு தகர டப்பா ஒட்டியிருந்தது. ஆயிலை வடிகட்டுவது அதுதான்.

"அந்த ஃபில்டரக் கழட்டுங்க. புதுசு மாட்டணும்."

எந்தப் பட்டறையில் எவன் முறுக்கினானோ, அது அசையவில்லை. காசிலிங்கம் தன் பலத்தை எல்லாம் காட்டினார். துணி சுற்றிப் பிடித்தார். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே குத்தி நெம்பினார். தகரம் கிழிந்து கறுப்பு ஆயில் அவர் வேட்டியெல்லாம் கொட்டியது.

"மாட்டினவன் மனுஷனா, ராட்சசனா?" என்றார்.

பூங்கோதையம்மா அவரையே பார்த்தார். அடுக்களை வாசலில் நின்ற வெள்ளத்தாய் மட்டும் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

ஃபில்டர் ஒருவழியாகத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. ஒட்டியிருந்த பழைய ரப்பரைச் சுரண்டவே வெகுநேரம் ஆயிற்று.

"பழைய இன்ஜின்லயும் ஒண்ணு இருக்கு. பழைய இரும்புக் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி அதையும் கழட்டிருங்க."

காசிலிங்கம் ஸ்க்ரூ டிரைவரோடு சுத்தியலையும் எடுத்துக்கொண்டார்.

"வேணாங்கய்யா. கையால."

"இது ரொம்ப நாளா ஒட்டிக் கெடக்குதேம்மா. கைக்கு வருமா?"

"ஒரு கையால."

காசிலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். மூச்சை இழுத்துத் திருப்பினார்.

ஒரு கணம் அது நின்றது. பிறகு வந்துவிட்டது. அவர் போட்ட பலத்துக்கு வேலையே இல்லாமல் போய், பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கையில் ஃபில்டர் முழுசாக இருந்தது. நசுங்கல் இல்லை, கீறல் இல்லை. ரப்பர் வளையம் எண்ணெய் மினுமினுப்போடு அப்படியே இருந்தது.

"லூசா இருந்திருக்கு," என்றார்.

"ஒரு சொட்டு ஒழுகினது கிடையாது."

காசிலிங்கம் குனிந்து பார்த்தார். ஃபில்டர் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிப் பழைய தூசி காய்ந்து கிடந்தது. ஈரத் தடமே இல்லை.

பூட்டுக்காரருக்கு இறுக்கம் என்றால் என்னவென்று தெரியும். இது தளர்வும் இல்லை, முறுக்கும் இல்லை. ஆயிலை உள்ளே நிறுத்தியிருக்கிறது. கை வந்து கேட்டதும் வழியும் விட்டிருக்கிறது. இப்படி ஒரு பூட்டை அவர் ஆயுளில் செய்ததில்லை.

"இத மாட்டினது யாரும்மா?"

"சாமிதான். கடைசியா அவர் பார்த்த வேலை இது."

காசிலிங்கம் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்தார். கர்ப்பகிரகத்துக் கதவு திறக்கும்போது வருமே ஒரு பயம், அது வந்தது.

"அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெல்ல.

"என்ன?"

"நான் வருவேன்னு."

"தெரியாது. யாராவது ஒருத்தர் வருவாங்கன்னு தெரியும்."

பூங்கோதையம்மா புது ஃபில்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தார். ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவினார். காசிலிங்கத்திடம் நீட்டினார்.

"இப்பவே மாட்டணும். இன்ஜின உள்ள இறக்கிட்டா அந்தச் சந்துக்குள்ள ஒரு கைதான் நுழையும். கழட்ட வர்றவங்களுக்கு ஒரு கைதான்."

"வர்றது யாரு?"

"இன்னும் வரல."

காசிலிங்கம் அதை வைத்து மெல்லத் திருகினார். ரப்பர் இரும்பைத் தொட்டது. பழக்கதோஷம், தோள் தானாக எழும்பியது. சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"எவ்வளவு இறுக்கணும்மா?"

"என்னைய ஏன் கேக்குறீங்க? இப்பத்தான அவரு சொன்னாரு."

காசிலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க முடியவில்லை, கை முழுக்க ஆயில்.

மறுபடி பிடித்தார். பழைய ஃபில்டர் வழி விட்ட அந்த ஒரு கணத்தை உள்ளங்கை மறக்கவில்லை. கை அதையே தேடிப் போனது. கொஞ்சம் திரும்பியது. இன்னும் கொஞ்சம். அங்கே நின்றது. நிறுத்தியது அவர் இல்லை.

பொழுது சாயும்போது இன்ஜினை இறக்கி, போல்ட் எல்லாம் பூட்டி முடித்தார்கள். பூங்கோதையம்மா சாவியைத் திருப்பினார். இரண்டு இருமல் இருமிவிட்டு இன்ஜின் சீராக ஓடத் தொடங்கியது. காசிலிங்கம் தரையில் படுத்து ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு வரவில்லை.

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

"பஸ் வந்திருச்சுங்கய்யா," என்றார் பூங்கோதையம்மா.

"ஆமாம்மா," என்றார். கையைக் கழுவிக்கொண்டு போய் மூட்டையின் முன்னால் உட்கார்ந்தார்.

காலையில் அவரே போட்ட முடிச்சு. கல் மாதிரி இருந்தது. நகத்தால் ஒரு நூலைத் தேடி எடுத்தார். அது மறுபடி உள்ளே போயிற்று. மறுபடி தேடினார்.

வெள்ளத்தாய் கேட்காமலே கத்தியோடு வந்து நின்றாள்.

"வேணாம் தாயி," என்றார் அவர் நிமிராமல். "எவ்வளவு நேரமானாலும் கையாலயே அவுக்குறேன்."