சபாரத்தினம் பிடுங்கிய ஒயர்

கிட்ட வந்து உட்காருங்க, இது சத்தம் போட்டுச் சொல்ற கதையில்லை. திருநெல்வேலி ஜவுளிக்கடை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் சபாரத்தினம். புதுசாகச் சேர்ந்த இருதயமேரியை முதலாளி எல்லார் முன்னாலும் மெச்சிவிட்டார். அன்றிலிருந்து இவருக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

"ஏ புள்ள, ஆடித் தள்ளுபடி அன்னிக்கு, பில் எல்லாம் ஓடுற சர்வர் கண் இமைக்கிற நேரம்கூட நிக்கக் கூடாது. நின்னா, நீ வீட்டுக்குப் போயிரணும்" என்றார்.

"சரிங்க சார்" என்றவள், சர்வரில் இரண்டு நெட்வொர்க் ஒயரைச் செருகி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுத்தாள். ஒன்று போனால் மற்றது இழுத்துக்கொண்டு ஓடும்.

தள்ளுபடி நாளில் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. சபாரத்தினம் பூனை மாதிரி சர்வர் அறைக்குள் போய், கைக்கு எட்டிய ஒயரைப் பிடுங்கினார். பின்னால் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்கப் பொறாமை விடவில்லை. நேரே பில் மேசைக்கு ஓடினார்; முதலாளியும் இருதயமேரியும் அங்கேதான் நின்றார்கள்.

"அண்ணாச்சி, சர்வர் செத்துப்போச்சு! இவளை முதல்ல அனுப்புங்க!"

பக்கத்திலேயே பில் சரசரவென்று வந்துகொண்டிருந்தது.

"ஓடுதே வே! செத்துச்சுன்னு உமக்கு யாரு சொன்னா?" என்றார் முதலாளி.

சபாரத்தினத்தின் கண் சர்வர் அறைப் பக்கம் போனது.

"எந்த ஒயர்னு மட்டும் காட்டுங்க சார், திரும்பச் செருகிருதேன்" என்று சொல்லி, இருதயமேரி சர்வர் அறைக் கதவை அவருக்காகத் திறந்து பிடித்துக்கொண்டாள்.