துளையும் கோடும்

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில், குழந்தைகளே, செங்கொண்டை என்ற மரங்கொத்தி பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. மிகவும் கண்டிப்பான ஆசிரியை. அதன் அலகுச் சத்தம் கேட்டாலே முயல்குட்டிகள் காதை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அந்தக் காட்டில் படிப்பு விளையாட்டுக் காரியமல்ல. வேடர்கள் அடிக்கடி வந்து பாதைகளில் கண்ணி வைத்துவிட்டுப் போவார்கள். செங்கொண்டை பறந்து பார்த்துவிட்டு, பாதை தொடங்கும் இடத்து மரத்தில் குறி கொத்தி வைக்கும். இடப்பக்கம் துளை, வலப்பக்கம் கோடு என்றால், வழி நல்லது, போகலாம். இடப்பக்கம் கோடு, வலப்பக்கம் துளை என்றால், கண்ணி இருக்கிறது, போகாதே. இதைப் படிக்கத் தெரியாத குட்டி பிழைப்பது கடினம்.

எல்லாக் குட்டிகளும் கற்றுக்கொண்டன, இரண்டைத் தவிர.

ஒன்று வரியன் என்ற சருகுமான் குட்டி. எந்தக் காய் நஞ்சு, எந்த மேகம் மழை என்று கேட்டால் மடமடவென்று சொல்லும். குறியைக் காட்டினால் மட்டும் திணறும். இன்று சரியாகச் சொன்னதை நாளை மாற்றிச் சொல்லும். மற்றது துடியன் என்ற அணில். பாடம் தொடங்கிய உடனே அதன் மனம் ஏதாவது ஒரு கிளைக்குத் தாவிவிடும். சற்று நேரத்தில் உடம்பும் பின்னாலேயே போய்விடும்.

செங்கொண்டைக்கு இதில் சந்தேகமே இல்லை. ஒன்று சோம்பேறி, மற்றது அடங்காப்பிடாரி. வரியனின் தாய் ஒருநாள் வந்து, பிள்ளை வீட்டில் அழுதுகொண்டே படிக்கிறான் என்று சொல்லிப் பார்த்தது. செங்கொண்டை நம்பவில்லை.

"நேற்றுத் தெரிந்தது இன்று எப்படியம்மா தெரியாமல் போகும்? அவன் மனசு வைப்பதில்லை. உயிர்ப்பயம் வந்தால் படிப்பு தானாக வரும்" என்றது.

அந்தப் பயத்தைக் காட்டவும் அது துணிந்துவிட்டது. மறுநாள் காலையில் வரியனை அழைத்து, பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்குத் தனியாகப் போகச் சொன்னது. அங்கே பாதைக்கு ஒன்றாக இரண்டு மருத மரங்கள் நின்றன. ஒரு பாதையில் உண்மையாகவே கண்ணி இருக்கிறது, மரத்தைப் படித்துப் பார்த்து நல்ல வழியாக ஆற்றுக்குப் போய் வா என்று சொல்லி அனுப்பிவிட்டு, தானும் ஓசைப்படாமல் மேலே பறந்து போய் ஓர் உயரக் கிளையில் உட்கார்ந்தது. குட்டி ஒழுங்காகப் படித்து நல்ல வழியில் திரும்பும், அதைப் பிடித்து, 'பார், உனக்கு எல்லாம் தெரியும்' என்று சொல்லவேண்டும் என்பதே அதன் எண்ணம்.

வரியன் வந்தது. முதல் மரத்தின் முன்னால் நின்று பார்த்தது. மூக்கால் துளையைத் தொட்டது, கோட்டைத் தொட்டது. அடுத்த மரத்துக்குப் போயிற்று. மறுபடி முதல் மரத்துக்கே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "இடத்தில் துளை, வலத்தில் கோடு, போகலாம்" என்று முணுமுணுத்தது. பாடம் ஓர் எழுத்துப் பிசகவில்லை. கண்ணைத் திறந்து இன்னும் ஒருமுறை பார்த்தது. பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு, கண்ணி இருந்த பாதையில் துள்ளி ஓடியது.

செங்கொண்டையின் அலகு திறந்தபடியே நின்றுவிட்டது.

எந்தக் குட்டியும் ஒரு குறியை இத்தனை நேரம் பார்த்து அது கண்டதில்லை. சாவை எதிரில் வைத்துக்கொண்டு யார் சோம்பல் படுவார்கள்? அப்படியானால் இத்தனை நாளும் இந்தப் பிள்ளை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்ததா? "நில்" என்று அது கத்தியபோது நேரம் கடந்துவிட்டது. கண்ணி சுருங்கி வரியனின் பின்னங்காலைப் பற்றி மேலே தூக்கியது. குட்டி தலைகீழாகத் தொங்கியது.

செங்கொண்டை பாய்ந்து வந்து கயிற்றைக் கொத்தியது. மரத்தைத் துளைக்கும் அலகுதான். ஆனால் ஆடுகிற கயிறு அதற்குப் பிடி கொடுக்கவில்லை. தூரத்தில் வேட்டை நாய் குரைத்தது.

அப்போது கிளையில் சலசலப்பு. வகுப்பில் காத்திருக்காமல் வழக்கம்போல் நழுவி வந்திருந்த துடியன் கீழே எட்டிப் பார்த்தது. நண்பனைக் கண்டதும் ஒரே தாவலில் கயிற்றில் வந்து விழுந்து கடிக்கத் தொடங்கியது. இரண்டு கடி கடித்திருக்கும், ஒரு சருகு உதிர்ந்தது. துடியன் சருகைப் பார்த்தது. மறுபடி கடித்தது. நாய் குரைத்தது, துடியன் கிளைக்கு ஓடிவிட்டது.

"அடங்காத கழுதையே" என்று செங்கொண்டை அலறியது. அந்த அலறலில் துடியன் இன்னும் உயரே ஏறிப் பதுங்கிக்கொண்டது.

செங்கொண்டை கீழே தொங்கும் குட்டியைப் பார்த்தது. இன்று காலையிலிருந்து தான் செய்த ஒவ்வொன்றும் இந்தக் கயிற்றை இறுக்கியிருக்கிறது என்று அதற்கு உறைத்தது. குரலைத் தணித்துக்கொண்டது.

"துடியா, முழுக் கயிறும் வேண்டாம். இந்த ஒரு புரியை மட்டும் கடி."

துடியன் இறங்கி வந்தது. ஒரு புரி அறுந்தது. ஓடிப் போய்க் கிளையை ஒரு சுற்றுச் சுற்றியது. செங்கொண்டை வாய் திறக்கவில்லை. வந்ததும், அடுத்த புரியை அலகால் தொட்டுக் காட்டியது. அதுவும் அறுந்தது. நாயின் குரல் நெருங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் அணில் மீண்டும் ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை அது காத்திருந்தது. கடைசிப் புரி அறுந்தது. வரியன் தரையில் விழுந்து, எழுந்து, நொண்டியபடியே புதருக்குள் பாய்ந்தது. மற்ற இரண்டும் இலைகளுக்குள் மறைந்தன. நாய் வந்து அறுந்த கயிற்றை மோந்துவிட்டுப் போயிற்று.

ஆபத்து விலகியதும் செங்கொண்டை புதருக்குள் நுழைந்தது. வரியன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது, அடி விழும் என்று.

"உன் கண்ணுக்கு அந்தக் குறி எப்படித் தெரிகிறது?" என்று மரங்கொத்தி கேட்டது. அந்தக் கேள்வியை அது அதுவரை கேட்டதே இல்லை.

"இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது, டீச்சர். எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று பிடிபடுவதே இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். அவர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள், நான்தான் மக்கு."

அடிபட்ட காலில் இன்னும் சுற்றியிருந்த கயிற்று நாரைச் செங்கொண்டை அலகால் மெல்ல எடுத்துவிட்டது.

அதன்பின் காட்டில் குறிகள் மாறின. கண்ணி உள்ள பாதையின் மரத்தில் செங்கொண்டை பட்டையை உரித்து வைத்தது. மூக்கு பட்டாலே பிசின் ஒட்டும். ஒரு குட்டிக்காக எல்லாவற்றையும் மாற்றவேண்டுமா என்று மயில் முணுமுணுத்தது. அந்த ஒரு குட்டி கயிற்றில் தொங்கியதைத் தான் பார்த்ததாக மட்டும் செங்கொண்டை பதில் சொன்னது. துடியனுக்குப் பாடம் துண்டு துண்டாக வந்தது, நடுநடுவே மரம் ஏறி இறங்க அனுமதியோடு.

பழைய குறிகளைப் படிக்கவும் வரியன் ஆசைப்பட்டது. ஒருநாள் மரத்தின் முன் நின்றுகொண்டு, "எனக்கு நேரமாகும், டீச்சர்" என்றது.

செங்கொண்டை பக்கத்துக் கிளையில் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

"ஆகட்டும்" என்றது.

நீதி: தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று தீர்ப்புச் சொல்லாதே, தடுமாற்றம் எங்கே என்று கேட்டு, அந்தப் பிள்ளைக்கு வருகிற வழியில் கற்றுக்கொடு.