ஆறு பரங்கிப் பிஞ்சுகள்

"என் கொடியில ஒரு பிஞ்சும் நிக்க மாட்டேங்குது, சாமி. என் கை அப்படி," என்றாள் அங்கயற்கண்ணி.

சோதி அடிகள் வெண்டைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்க கை எப்படி?"

"ராசியில்லாத கை."

அடிகள் வாளியைக் கீழே வைத்தார்.

மடத்துக்குப் பின்னால் ஒரு ஏக்கர் நிலம். சும்மா கிடந்தால் கருவேலம் ஏறிவிடும் என்று, காய்கறி போட விரும்பும் ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு நாலு பாத்தி பிரித்துக் கொடுத்திருந்தார் அடிகள். அவருக்கு முப்பத்தைந்து வயதுதான். அவரிடம் ஞானம் கேட்டு வந்தவர்களைவிடக் கத்திரிப் புழுவுக்கு வழி கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அங்கயற்கண்ணிக்கு அவரைவிட ஏழெட்டு வயது கூட. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அதுவரை ஒரு துளசிகூட வளர்த்தவள் இல்லை. மூன்று மாதம் முன்பு வந்து பாத்தி கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"காட்டுங்க," என்றார்.

மூன்று பரங்கிக் கொடிகள் தரையில் ஓடியிருந்தன. போன வாரப் பிஞ்சுகள் மஞ்சளாகி வெம்பிக் கிடந்தன. புதிதாக ஆறு பிஞ்சுகள், பூ வாடாமல் இருந்தன. அவள் விரல்களை மடக்கி, கை முட்டியால் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"ஏன் முட்டியால காட்டுறீங்க?"

"பிஞ்சை விரல் நீட்டிக் காட்டுனா அழுகிடும்ல, சாமி? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

அடிகள் சுட்டு விரலை நீட்டினார். "ஒண்ணு," என்றார். "ரெண்டு."

"வேணாம் சாமி!"

பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டாள். மடத்துச் சாமியின் கையை ஊரில் யாரும் தொடுவதில்லை. அவளுக்கு அது நினைவிலேயே இல்லை.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இதுக்கு முன்னாடி எதைக் காட்டுனீங்க?" என்று கேட்டார்.

அவள் கையை விட்டாள்.

"கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழிச்சு உண்டானேன், சாமி. ஆறாம் மாசம் ஸ்கேன் எடுத்தாங்க. அந்தப் படத்தை வீட்டுல எல்லாருக்கும் காட்டுனேன். இது மூக்கு, இது கைன்னு. விரலை நீட்டித்தான் காட்டுனேன். சந்தோஷத்துல எதுவும் தோணலை."

"அப்புறம்?"

"ஏழாம் மாசம் அசைவு நின்னுடுச்சு."

காற்றில் பரங்கி இலைகள் புரண்டன.

"பிஞ்சை அப்படிக் காட்டுனா நிக்குமாடின்னு எங்க சின்ன மாமியார் கேட்டாங்க. அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், சாமி. நான்தான்."

அடிகள் கொடியின் பக்கம் குனிந்தார்.

"நூல் இருக்கா?" என்றார்.

தையல் டீச்சர் பையில் நூலுக்கா பஞ்சம்? சிவப்பு நூல் கொடுத்தாள். மூன்று பிஞ்சுகளின் காம்பில் அதைத் தளர்வாகக் கட்டினார். மூன்றைக் கட்டாமல் விட்டார்.

"கட்டுனதை நான் தினமும் விரல் நீட்டிக் காட்டுவேன். கட்டாததைக் காட்ட மாட்டேன். பத்து நாள் வந்து பாருங்க."

அவள் வந்தாள். அவர் குந்தி உட்கார்ந்து விரலை நீட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலாம் நாள், நூல் கட்டிய பிஞ்சு ஒன்று விழுந்தது.

"பாத்தீங்களா, சாமி?"

"பாத்தேன்."

மறுநாள், நூல் கட்டாத பிஞ்சு ஒன்று விழுந்தது. அடுத்த நாட்களில் இன்னும் இரண்டு விழுந்தன.

பத்தாம் நாள் காலை அவர் கேட்டார்:

"எத்தனை நிக்குது?"

"ரெண்டு."

"எது?"

"நூல் கட்டுனதுல ஒண்ணு. கட்டாததுல ஒண்ணு."

"ம்."

"அப்ப விரலால இல்லையா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் விழுது?"

"பூவுக்கு வண்டு வரலைன்னா விழும். வந்தாலும் சிலது விழும்."

"வந்தாலும் ஏன் விழணும்?"

"தெரியாது."

அங்கயற்கண்ணி அப்படியே பாத்தி வரப்பில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் குத்திக்கொண்டிருந்த முள்ளை எடுத்துவிட்டோம் என்று அடிகள் நினைத்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கும். சாமியார்களும் மனிதர்கள்தானே.

அவள் அழுதாள். அது பாரம் இறங்கிய அழுகையாக இல்லை.

"ரெண்டு வருஷமா நான்தான் காரணம்னு இருந்தேன், சாமி. எம்புள்ளை எதனால போச்சுன்னு ராப்பகலா மனசு கேக்கும். உன்னாலன்னு சொல்லிக்குவேன். அந்த ஒரு பதிலாவது எங்கிட்ட இருந்துச்சு. இப்ப அதையும் பிடுங்கிட்டீங்க. இனி எங்கிட்ட என்ன இருக்கு?"

அடிகள் படித்த பாடல்கள் எல்லாம் மனதில் வந்து நின்றன. அவற்றில் எதைச் சொல்லவும் வாய் கூசியது. தெரியாமல் செய்துவிட்டோமே என்று நினைத்தார்.

அவள் எதிரே, தண்ணீர் பாய்ந்த மண்ணில் உட்கார்ந்தார். வேட்டியில் சேறு ஏறியது.

வெயில் வரப்பைத் தாண்டி வந்தது.

"குழந்தைக்குப் பேர் வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் எல்லோரும் 'அந்த விஷயம்' என்றுதான் சொல்வார்கள். பேர் இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

"பொறக்குறதுக்கு முன்னாடி பேர் வைக்கக் கூடாதும்பாங்க, சாமி."

"வச்சிருந்தீங்களா?"

"வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலை."

"சொல்லுங்க."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அமுது."

அடிகள் தலையசைத்தார். பிறகு, அடுத்த பாத்தியில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, மெல்லக் கூப்பிட்டார்.

"அமுது..."

இன்னொருவர் வாயால் அந்தப் பேரை அவள் கேட்டதே இல்லை. மண் அப்பிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க, சாமி," என்றாள்.