மருதாசலம் நிறுத்திய காற்றாடி

"இந்தக் காத்தாடி ஒரு பயந்தாங்கொள்ளிங்க, தாயி" என்றார் மருதாசலம்.

தாயி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. வயது நாற்பதுக்குள். சீடர் மருதாசலத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. சீடர் குருவைத் தாயி என்பார், குரு சீடரை அண்ணா என்பார்.

"என்னங்ணா பண்ணுச்சு?"

"எளங்காத்துன்னா நல்லாச் சுத்துது. தண்ணி எறைக்குது. காத்து வலுத்தா வாலை மடக்கிக்கிட்டு ஒருக்களிச்சு நின்னுக்குது. ஆடி மாசம், கணவாய்ல இருந்து இத்தனை காத்து வருது. அத்தனையும் வீணாப் போகுதுங்க."

அவர் ஆற்றாமை நியாயமானதுதான். பக்கத்துத் தோட்டத்தார் பழைய இரும்புக்குப் போட இருந்த, கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் காற்றாடி அது. றெக்கைச் சக்கரத்துக்குப் பின்னால் கீல் வைத்த தகட்டு வால். மருதாசலம்தான் டிராக்டரில் துண்டு துண்டாக ஏற்றிவந்தார். நூல் மில்லில் மெஷின் பார்த்தவர். துருவைச் சுரண்டி, பம்புக்குள் தோல் வாஷர் மாற்றி, மடத்து ஆட்கள் எல்லோரையும் கயிறு பிடிக்கவைத்துக் கிணற்றின் மேல் நிறுத்தினார். முதலில் வந்த செம்பழுப்புத் தண்ணீரை அப்படியே கையில் ஏந்திக் குடித்துவிட்டு, இனிப்பாக இருக்கிறது என்று சாதித்தவர்.

அவர் கணக்கு மில் கணக்கு. மில்லில் மெஷின் நின்றால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"வாலுக்குக் கீல் வச்சவன் கைல கெடைச்சா நாலு கேள்வி கேப்பேன்" என்றார். "மடங்காம இழுத்துக் கட்டிடறேன். உத்தரவு குடுங்க."

தாயி தவிட்டுக் கையைக் கழுவினார்.

"கட்டுங்க. ஆனா உருவு முடிச்சாப் போடுங்க. கயித்து நுனி கீழ தரை வரைக்கும் தொங்கட்டும்."

"எதுக்குங்க?"

"சும்மா இருக்கட்டுங்ணா."

கட்டினார். மறுநாள் காற்று வலுத்தது. காற்றாடி நேருக்கு நேர் நின்று சுற்றியது. தொட்டி நிறைந்து, வழிந்து, வாழைக்குப் பாய்ந்தது. மருதாசலம் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திக் காட்டினார். அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மத்தியானம் மகன் வந்தான்.

மகன் பெயர் யுவராசு. தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுவதா, வாய்க்காலே போதுமா என்று அப்பனும் மகனும் சொந்தக்காரர்கள் முன்னால் ஒருநாள் கத்திக்கொண்டார்கள். அன்று பையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தவர்தான் மருதாசலம். மகன் அவ்வப்போது கூப்பிட வருவான். வந்தால் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். யாரும் ஒரு சொல் குறைத்துப் பேசமாட்டார்கள். அப்பனும் மகனும் ஒரே அச்சு.

காற்றாடிக்குக் கீழே நின்று கத்தினார்கள். காற்று புழுதியை வாரி இருவர் மேலும் கொட்டியது.

"இதாங்கப்பா கடைசி" என்றான் யுவராசு. "இனி நான் வரமாட்டேன். உங்களுக்கு நானும் வேண்டாம், பேத்தியும் வேண்டாம். இந்த இரும்பையே கட்டிக்கிட்டு இருங்க."

"போடா. உன்னை யாரு கூப்பிட்டா?"

யுவராசு வாசலுக்கு நடந்தான்.

மருதாசலம் அவன் பின்னால் இரண்டடி வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

மேலே தடதடவென்று சத்தம். காற்றாடியைத் தாங்கும் இரும்புக் கோபுரத்தின் கால்கள் அதிர்ந்தன. தாயி ஓடிவந்தார்.

"அண்ணா, கயித்தை இழுங்க."

மருதாசலத்துக்கு மகன் மேல் மிச்சம் இருந்த கோபம் அவ்வளவும் தாயி மேல் திரும்பியது.

"உங்களுக்கு என்ன தெரியும்? நேத்துப் பொறந்தவங்க. மெஷினைப் பத்தி எனக்குச் சொல்றீங்களா? நானா வந்து கால்ல விழுந்தேன் பாருங்க, என்னைச் சொல்லோணும்."

மடமே கேட்டது. மாடு கழுவிக்கொண்டிருந்தவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

தாயி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, தொழுவத்துக்கு நடந்தார்.

அந்நேரம் ஒரு றெக்கை பிய்த்துக்கொண்டு பறந்தது. சோளக்காட்டில் போய் விழுந்தது.

மருதாசலம் பாய்ந்து கயிற்றை இழுத்தார். முடிச்சு உருவியது. வால் மடங்கியது. சக்கரம் காற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பி, தளர்ந்து, நின்றது. கோபுரத்தின் அதிர்வு அடங்கியது.

அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது.

பொழுது சாய்ந்தபோது காற்றும் தணிந்தது. மேலே கீல் கிரீச்சிட்டது. யாரும் தொடவில்லை. வால் தானாக நீண்டது. சக்கரம் திரும்பி, காற்றைப் பார்த்து, சுற்றத் தொடங்கியது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

தாயி இரண்டு டம்ளர் காபியோடு வந்தார்.

"சூடா இருக்கறப்பவே குடிங்கண்ணா."

நேற்று எப்படிப் பேசினாரோ அதே குரல். மருதாசலத்துக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"தாயி, நான் அந்தப் பேச்சு பேசியிருக்கக் கூடாதுங்க. கோவம் வரலீங்களா உங்களுக்கு?"

தாயி மேலே பார்த்தார்.

"ஒரு றெக்கைதான் போச்சு. மத்ததெல்லாம் இருக்குதுங்ணா."

மருதாசலமும் மேலே பார்த்தார். மத்தியானம் மடங்கி ஒதுங்கிய வால் இப்போது நீண்டு நின்றது.

தாயி இரண்டு டம்ளரையும் அவர் கையிலேயே கொடுத்தார்.

"இன்னொண்ணு யாருக்குங்க?"

"புழுதிக் காத்துல வண்டி ஓட்ட முடியலைன்னு மத்தியானம் புடிச்சு வாசல்லயே நிக்குது, உங்க புள்ளை."

மருதாசலம் எழுந்தார். வாசலில் யுவராசு பைக்கின் மேல் சாய்ந்து நின்றான். தலையெல்லாம் புழுதி. அப்பாவைக் கண்டதும் ஆரம்பித்தான்.

"எதுக்கு வர்றீங்க? இன்னும் நாலு பேச்சுப் பேசவா? அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி என்னை என்ன சொன்னீங்க? அம்மா இருந்திருந்தா..."

மருதாசலத்தின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. அவர் மெல்லச் சோளக்காட்டுப் பக்கம் திரும்பி நின்றார், இரண்டு கையிலும் டம்ளரோடு.

யுவராசு பேசினான். சொட்டுநீரைப் பேசினான், வாய்க்காலைப் பேசினான், பேத்தி கேட்ட கேள்விகளைப் பேசினான். எதிர்ப்பேச்சு வராததால் நடுவே தடுமாறினான். கடைசியில் பேச்சு தீர்ந்து நின்றான்.

மருதாசலம் அவன் பக்கம் திரும்பினார். ஒரு டம்ளரை நீட்டினார்.

"ஆறிப்போச்சு" என்றார். "பரவால்ல, குடி கண்ணு."