அழுகுகிறது என்று எழுதிய ஓலை

கதை கேட்க உட்கார்ந்திருப்பவர்களே, அரசன் யார், ஊர் எது என்பதைப் பிறகு சொல்கிறேன். அநீதி யாருக்கு நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது நாச்சி என்ற கயிறு திரிக்கும் பெண்ணுக்கு நடந்தது. உதவி செய்கிறோம் என்று வந்தவர்கள் அவள் தொழிலைப் பற்றி அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் யோசனை சொன்னார்கள். அந்த யோசனையால் கயிறு அறுந்தபோது பழியை மட்டும் அவள் பெயரில் எழுதினார்கள். ஓலையில் எழுதி மடித்து வைக்கவில்லை; சந்தை வாசலில், ஊரே பார்க்க, கல்லில் எழுதினார்கள்.

இனி அரசனுக்கு வருவோம்.

கடல் தன் கரையை இன்னும் முடிவு செய்யாத அந்தக் காலத்தில், உப்பங்கழி ஓரமாகக் கழித்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. அதை ஆண்டவன் பரிதியன். நல்லவன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவன் என்று யாரும் இல்லை. கெட்டவன் ஒருவனும் இல்லாமலே ஒருத்தியின் பிழைப்பு கெட்டுப்போகும், அதுதான் கதை.

பரிதியன் ஒன்றைக் கவனித்தான். கப்பல் வைத்திருக்கும் பெருவணிகருக்குப் பணம் கொடுக்க நூறு பேர் காத்திருந்தார்கள். செக்கு ஆட்டுகிறவனுக்கும், சுண்ணாம்பு சுடுகிறவனுக்கும், கயிறு திரிக்கிறவளுக்கும் கொடுக்க ஒருவரும் இல்லை. ஆகவே துணைச்சாலை என்று ஒன்றைக் கட்டினான். சிறுதொழில் செய்கிறவர்களுக்கு அங்கே இரண்டு கிடைக்கும்: பணமும் யோசனையும். பணத்தை வாங்கியவர் யோசனையையும் கேட்டு நடக்க வேண்டும். யோசனையை மறுத்தால் பணத்தை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். அதுதான் விதி.

யோசனை சொல்ல மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். விசயராயர், குணசீலர், நம்பிதேவர். மூவரும் படித்தவர்கள். மூவரும் வணிக நூல்களைக் கரைத்துக் குடித்தவர்கள். மூவரும் தேங்காயைச் சமைத்த பிறகு மட்டுமே பார்த்தவர்கள்.

நாச்சி தன் ஊறல் குழியை ஈடு வைத்துத் துணைச்சாலையில் பணம் வாங்கினாள். அந்தப் பணத்தில் ஆனி மாதம் எட்டாயிரம் பச்சைத் தேங்காய் மட்டை வாங்கிக் கழியோரக் குழியில் அமிழ்த்தினாள்.

ஏன் அமிழ்த்த வேண்டும்? கயிற்றுக்கு நார் வேண்டும். நார் கிடைக்க மட்டை ஊற வேண்டும். உப்புத் தண்ணீரில் கிடக்கக் கிடக்க, நாரைப் பிடித்துவைத்திருக்கும் சதை அழுகிக் கரையும். அழுகுவதுதான் வேலை. அப்போது தண்ணீர் கறுக்கும், குமிழ் விடும், நாற்றம் ஊர் எல்லை வரை போகும். பத்து மாதம் கழித்து எடுத்துத் தட்டினால் நார் பொன்னாகப் பிரிந்து வரும். அதற்கு முன் எடுத்தால் வருவது விறைத்த சிவப்பு நார். முறுக்கு நிற்காது.

புரட்டாசியில் விசயராயர் வந்தார்.

நாச்சியோடு வேலை செய்த காத்தாயிதான் முதலில் பார்த்தாள். "அக்கா, குடை ஒன்னு வருது. அதுக்குக் கீழ ஆளும் இருக்கும்போல" என்றாள்.

குடை குழிக்கு நூறு அடி முன்னாலேயே நின்றுவிட்டது. விசயராயர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். கறுத்த தண்ணீரைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார். என்ன கேட்டார் என்கிறீர்களா? ஒன்றும் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே ஓலையில் எழுதினார்: அரசுப் பணம் அழுகுகிறது, உடனே வெளியே எடுக்கவும்.

நாச்சி எடுத்துச் சொன்னாள். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். தேங்கிக் கிடக்கும் பொருள் நட்டம், அது நூலில் இருக்கிறது என்றார்.

"நூலு எழுதினவங்க கயிறு திரிச்சிருக்காங்களா ஐயா?" என்று நாச்சி கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் அதை வாய்க்கொழுப்பு என்று எடுத்துக்கொண்டார். யோசனை வேண்டாமென்றால் பணத்தை இன்றே கட்டு என்று சொல்லி, ஓலையில் முத்திரை வைத்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

விஷயம் தெரிந்தவள் ஏன் பணிந்தாள் என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். பணம் அவள் கையில் இல்லை. மட்டையாகத் தண்ணீருக்குள் கிடந்தது. அன்று மறுத்திருந்தால் குழி அன்றே போயிருக்கும். அறிவு இருந்தால் மட்டும் போதாது. அந்த அறிவின்படி நடக்கக் கொஞ்சம் பணமும் வேண்டும். அது இல்லாதவர்களைப் பார்த்து, நீ ஏன் எதிர்த்து நிற்கவில்லை என்று கேட்பது சுலபம்.

ஆனாலும் அவள் முழுதாகப் பணியவில்லை. மேலே கிடந்த நாலாயிரம் மட்டையை வெளியே எடுத்தாள். அடியில் கிடந்த நாலாயிரத்தை அவளும் காத்தாயியுமாகச் சேற்றைப் போட்டு மூடிக் கல்லேற்றி வைத்தார்கள். பயப்படத் தேவையே இருக்கவில்லை. அந்த நாற்றத்துக்குள் வந்து எட்டிப் பார்க்கத் துணைச்சாலையில் ஆள் கிடையாது.

ஐப்பசியில் குணசீலர் வந்தார். திரித்துக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தார். மூன்று புரி எதற்கு, இரண்டு போதும், அதே நாரில் ஒன்றரை மடங்கு நீளம் கிடைக்கும் என்றார். கணக்கு சரி. கயிறு எதைத் தாங்கப்போகிறது என்று அவர் கேட்கவில்லை. முத்திரை வைத்தார், போனார்.

கார்த்திகையில் நம்பிதேவர் வந்தார். மூவரில் இளையவர் அவர்தான். நாச்சியின் முகத்தைப் பார்த்துப் பேசியவரும் அவர் ஒருவர்தான். மாட்டுக்கும் கிணற்றுக்கும் கயிறு விற்றால் எப்போது முன்னேறுவது, துறைக்குப் போய்ப் படகுக்காரர்களுக்கு விற்றால் மூன்று மடங்கு விலை என்றார். இந்தக் கயிறு கன்றுக்குட்டி கட்டத்தான் ஆகும் என்று நாச்சி சொன்னாள். சிறு தொழில்காரர்களுக்குப் பெரிய சந்தை என்றால் பயம் என்று அவர் எங்கோ படித்திருந்தார். பயப்படாதே பெண்ணே, நான் இருக்கிறேன் என்று அன்பாகச் சொல்லி முத்திரை வைத்தார்.

உப்புப் படகுக்காரன் ஒருவன் கயிற்றை வாங்க வந்தான். இது தாங்காது என்று நாச்சி அவனிடமும் சொன்னாள். அவன் கயிற்றைப் பார்த்தான், தயங்கினான். பிறகு ஓலையில் இருந்த அரசு முத்திரையைப் பார்த்தான், வாங்கிக்கொண்டான்.

தை மாதத்துக் கடல் பெருக்கில் கயிறு அறுந்தது. படகு துறைப்படியில் மோதியது. நாற்பது மூட்டை உப்பு, வந்த தண்ணீருக்கே திரும்பிப் போனது. படகுக்காரனின் வலது கை ஒடிந்தது.

விசாரணை நடந்தது. மூன்று அதிகாரிகளும் தங்கள் ஓலைகளின் நகல்களைக் காட்டினார்கள். யோசனை முறைப்படி வழங்கப்பட்டிருந்தது. முறைப்படி வழங்கிய யோசனையால் எப்படிக் கயிறு அறுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தை வாசல் கல்லில், 'அரசு உதவியைக் கெடுத்தவர்' என்று கரியால் எழுதி, அதன் கீழ் நாச்சியின் பெயரை எழுதினார்கள்.

முதலில் கரியால் எழுதுவது அந்த ஊர் வழக்கம். சித்திரைக் கடைசியில் அரசன் வந்து, பெயருக்குரியவரின் பேச்சை ஒருமுறை கேட்பான். பிறகு உளியால் வெட்டுவார்கள். வெட்டிய பெயரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது. ஈடு வைத்த குழி அரசுக்குப் போய்விடும். நாச்சிக்கு அந்தக் குழியைத் தவிர வேறொன்றும் இல்லை.

வெட்டுவதற்கு முன்பே ஊர் விலகிக்கொண்டது. மாட்டுக்காரர்களும் வரவில்லை. காத்தாயி உப்பளத்துக்குக் கூலிக்குப் போனாள். வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் நாச்சியைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். "உம்பேர அழகாத்தான் எழுதியிருக்காங்கக்கா. நம்ம கயித்த விடக் கெட்டியா நிக்கும்போல" என்பாள். இரண்டு பேரும் சிரிக்கப் பார்ப்பார்கள்.

பங்குனி முடிந்தது. பத்து மாதமும் முடிந்தது. நாச்சியும் காத்தாயியும் கல்லை அகற்றி, சேற்றை விலக்கி, மறைத்து வைத்த நாலாயிரம் மட்டையைத் தூக்கினார்கள். தட்டினார்கள். நார் பொன்னாக வந்தது.

சித்திரைக் கடைசியில் அரசன் சந்தைக்கு வந்தான். கல்லுக்கு அருகே கல்தச்சன் உளியோடு நின்றான். மூன்று அதிகாரிகளும் அரசனுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நாச்சி இரண்டு கயிற்றுச் சுருளோடு வந்தாள். ஒன்று பொன் நிறம், மூன்று புரி. மற்றது சிவப்பு, இரண்டு புரி. கூடவே, முத்திரை வைத்த மூன்று ஓலைகள்.

அவள் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சந்தை நடுவில் இருந்த ஆழக் கிணற்றைக் காட்டினாள். அதிகாரிகள் மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் பலகையில் உட்கார்ந்து, கயிற்றில் இறங்கி, ஆளுக்கொரு செம்பு தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். எந்தக் கயிறு என்பதை அவர்களே தேர்ந்துகொள்ளட்டும் என்றாள். அரசன் யோசித்தான், சம்மதித்தான்.

விசயராயர் இரண்டு கயிற்றையும் இழுத்துப் பார்த்தார். பொன் நிறக் கயிற்றைத் தொட்டார்.

"அது அழுகினது ஐயா" என்றாள் நாச்சி. "வெளிய எடுக்கச் சொன்ன ஓலை இதோ இருக்கு."

விசயராயர் கையை எடுத்துக்கொண்டார்.

குணசீலர் நெடுநேரம் பார்த்தார். அவரும் பொன் நிறக் கயிற்றைத்தான் தொட்டார்.

"அதுல மூணு புரி ஐயா. ஒரு புரி வீண் செலவு. உங்க ஓலை சொல்லுது."

குணசீலரும் கையை எடுத்துக்கொண்டார்.

நம்பிதேவர் எதையும் இழுத்துப் பார்க்கவில்லை. நேராகச் சிவப்புக் கயிற்றின் அருகே போனார். "இது ஒரு படகைத் தாங்கும் என்று முத்திரை வைத்தவன் நான். என்னையாவது தாங்கட்டும்" என்று சொல்லிப் பலகையில் உட்கார்ந்தார்.

கப்பியில் கயிறு விறைத்து ஒரு இழை தெறித்தது. நாச்சி ஓடிப்போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குங்க ஐயா. இந்தத் தண்ணிய ஊரு குடிக்கணும்" என்றாள்.

அவர் தரையில் கால் வைத்தார். அரசன் எழுந்தான். உன் பெயரை அழிக்கச் சொல்லட்டுமா என்று நாச்சியைக் கேட்டான்.

இங்கேதான் அவள் எனக்குப் பெரியவளாகத் தெரிகிறாள். வேறு யாராக இருந்தாலும் சரி என்று சொல்லியிருப்பார்கள்.

"அறுந்து போகும்னு தெரிஞ்சேதான் வித்தேன் ராசா. ஒரு மனுசன் கை ஒடிஞ்சுபோச்சு. அதுல எனக்கும் பங்கு இருக்கு. அத அழிக்கக் கேக்கல. பங்காளிங்க இன்னும் மூணு பேரு இருக்காங்க. அவங்க பேரையும் எழுதச் சொல்றேன்."

கல்தச்சன் அரசனைப் பார்த்தான். அரசன் கல்லைப் பார்த்தான்.

"மூன்று இல்லை, நான்கு" என்றான் பரிதியன். "மறுத்தால் பணத்தைக் கட்டு என்ற விதி என்னுடையது."

ஐந்து பெயருக்கு அந்தக் கல்லில் இடம் இல்லை. அரசன் பொன் நிறக் கயிற்றில் ஒரு குடம் தண்ணீர் இறைக்கச் சொன்னான். அதை வாங்கித் தன் கையாலேயே கல்லைக் கழுவினான். உப்பின் விலையையும், படகுக்காரனின் கை கூடும்வரை அவன் வீட்டுச் செலவையும் ஐவரும் பங்கிட்டுக் கொடுப்பது என்று முடிவானது. தன் பங்கை நாச்சி கயிறாகக் கொடுத்தாள். அன்றிலிருந்து துணைச்சாலையில் யோசனை சொல்கிறவர் குழியோரம் போய் உட்கார வேண்டும்; யோசனை தவறினால் நட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு. பணம் கொடுப்பதை அரசன் நிறுத்தவில்லை. நாச்சியும் நிறுத்தச் சொல்லவில்லை. அவளுக்கு அது தேவைப்பட்டது. அவளைப் போன்ற எல்லோருக்கும் தேவைப்பட்டது.

நீதியை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசிப் பேச்சு என்னுடையதாக இருக்கக் கூடாது: உழைக்கிறவருக்கு உதவ வருகிறவர், அவர் தொழிலைப் பற்றி அவரிடமே கேட்டறிந்த பிறகுதான் யோசனை சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை நம்பிதேவர் குழிக்கு வந்தார். குடை இல்லை. குழியில் புது மட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தைய ஊறலின் நாற்றம் இன்னும் போகவில்லை. அவர் மூக்கை மூடவில்லை. கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டார். சேற்று ஓரத்திலேயே உட்கார்ந்து, ஓலையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நாச்சி, மட்டை எத்தனை மாதம் ஊற வேண்டும்?"

நாச்சி இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். புரட்டாசியில் குடை வந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்குத்தான் அவள் பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கையிலிருந்த மட்டையைத் தண்ணீருக்குள் அழுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பத்து மாசம் ஐயா."