ஏழாம் காட்சியும் எட்டுச் சாட்சிகளும்

முத்தலைத்துறையை ஆண்ட சேந்தமாறர் நல்ல மன்னர். ஆனால் சச்சரவைக் கேட்டால் அவருக்குத் தலைவலி வரும். தலைவலி வந்தால் உடனே ஓர் ஆணை பிறக்கும். அவருக்கு வந்த தலைவலிகளுள் பெரியது, யப்பான் தேசத்துப் படக்காரர் மொசுகேயின் கப்பலில் வந்து இறங்கியது.

மொசுகே கொண்டுவந்தவை ஒரு விளக்குப் பெட்டியும் முந்நூறு கண்ணாடித் தகடுகளும். தகட்டுக்கு ஓர் ஓவியம். விளக்கின் முன்னே அவற்றை வரிசையாக இழுத்தால் வெண்திரையில் உருவங்கள் நடக்கும், வாள் வீசும், கண்ணீரும் விடும். மலைப்பாலம் ஒன்றைக் காக்கும் வீராங்கனை, பகைவரின் படைத்தலைவன்மேல் காதல் கொள்வதே கதை. அரங்கின் சாளரங்களை அடைத்துவிட்டுப் பகலிலேயே காட்டினார்கள்.

ஒரே மாதத்தில் ஊர் இரண்டுபட்டது. சேனாதிபதி அந்த வீராங்கனையைப் போலவே உச்சிக்கொண்டை போட்டுக்கொண்டு அவைக்கு வந்தார். அவர் இடையில் வாள் இருந்ததால் யாரும் எதுவும் சொல்லவில்லை. மீன் சந்தையில், "இப்படி ஒரு கதை உலகத்திலேயே கிடையாது" என்றார் ஒருவர். "அத்தனையும் நம்மிடமிருந்து திருடியதுதானே ஐயா!" என்றார் மற்றவர். இருவருக்கும் நடுவே இருந்த கூடை கவிழ்ந்து, கெளுத்தி மீன்கள் தெருவில் துள்ளின.

அவைப் பண்டிதர் பஞ்சநதம் வழக்கை மன்னரிடமே கொண்டுவந்தார்.

"அரசே, குற்றங்கள் இரண்டு. ஒன்று, இது நம் பழங்கதையின் நகல். மற்றொன்று, ஏழாம் காட்சி. காதலர் இருவரும் சுனையில் நீராடுகிறார்கள். அதை அரங்கின் முன்வரிசையில் சிறுபிள்ளைகள் அமர்ந்து பார்க்கிறார்கள்! தகடுகளைக் கடலில் எறிய வேண்டும்."

படம் காட்ட அனுமதி கொடுத்தவர் அரங்க அதிகாரி வடிவுடையாள் அம்மை. தகடுகள் போனால், அவற்றை வரைந்த மொசுகேக்குப் பதினோராண்டு உழைப்பு போகும். தமக்குப் பதவி போகும். இரண்டையும் அவர் ஒரு கணத்தில் உணர்ந்தார்.

"முதல் குற்றத்தை இப்போதே விசாரிக்கலாம், அரசே. நம் அவை வழக்கப்படி, ஒரு சாட்சி பேசும்போது மற்றவர்கள் காதுக்கெட்டாத தொலைவில் நிற்கட்டும்."

பண்டிதரின் பக்கம் நின்ற புலவர்கள் ஐவரும் தனித்தனியே அழைக்கப்பட்டார்கள். இது எந்தக் கதையின் நகல் என்று கேட்கப்பட்டது. முதலாமவர் ஒரு போர்க்கதையைச் சொன்னார். இரண்டாமவர் ஒரு துறவியின் வரலாறு என்றார். மூன்றாமவர் தாலாட்டு என்றார். நான்காமவர், கரையான் தின்றுவிட்ட ஓர் ஏட்டிலிருந்து எடுத்தது என்று உறுதிபடக் கூறினார். ஐந்தாமவர் நெடுநேரம் தயங்கிவிட்டு, தாம் வரும் ஆண்டில் எழுதவிருக்கும் காவியத்திலிருந்து எடுத்தது என்றார்.

மன்னர் நெற்றியைத் தேய்த்தார். "முதல் குற்றம் தள்ளுபடி. ஆனால் வடிவுடையாள் அம்மையே, இரண்டாவது அப்படியன்று. ஏழாம் காட்சி பிள்ளைகளின் மனத்தில் எதைப் பதித்தது என்று நாளைக்குள் எனக்கு எடுத்துக் காட்டும். முடியாவிட்டால் தகடுகள் கடலுக்கு, நீர் வீட்டுக்கு."

"மனத்தைத் திறந்து காட்ட அது என்ன மசாலாப் பெட்டியா?" என்று சேனாதிபதி முணுமுணுத்தார்.

பண்டிதர் புன்னகை செய்தார். வடிவுடையாள் அம்மை வணங்கி விடைபெற்றார். ஏழாம் காட்சியில் பெரியவர்களெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்ளும் அதே இடத்தில், முன்வரிசைப் பிள்ளைகள் மட்டும் நாள்தோறும் சிரிப்பதை அவர் கவனித்திருந்தார்.

மறுநாள் முன்வரிசைப் பிள்ளைகள் எண்மரோடு அவர் அவைக்கு வந்தார்.

"வழக்கப்படியே தனித்தனியாகக் கேளுங்கள், அரசே. ஆனால் முதலில் பண்டிதர்."

பண்டிதர் தொண்டையைச் செருமினார். "அவள் இடத்தோளில் நீர்த்துளிகள் ஒன்பது. அவிழ்ந்த கூந்தல் வலப்புறமாக விழுகிறது. அவன் கை முதலில் பாறைமேல், பிறகு..."

"போதும்" என்றார் மன்னர். "எத்தனை முறை பார்த்தீர்?"

"நான்கு முறை, அரசே. கண்டிப்பவன் முழுதும் அறிந்திருக்க வேண்டாமா?"

பண்டிதரை அப்பால் நிறுத்திவிட்டு முதல் பிள்ளையை அழைத்தார்கள். முத்து வணிகர் மகள் பூங்காவி, வயது ஏழு.

"குழந்தாய், சுனையில் என்ன பார்த்தாய்?"

"தவளை!"

"தவளையா?"

"கல்லு மேல தவளை இருந்துச்சு. ஈயைப் பிடிக்கத் தாவி, மல்லாக்க விழுந்துச்சு. அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி உக்காந்துகிச்சு."

இரண்டாவது பிள்ளையும் தவளை என்றான். மூன்றாவது பிள்ளை விழுந்தே காட்டினாள். எண்மரும் தவளையைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. கடைசியாக வந்த சிறுவன் படகோட்டியின் மகன் சாத்தன். மன்னர் அவனிடம் குனிந்து, "வேறு யாரும் அங்கே இல்லையா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரு குளிச்சாங்க" என்றான் சாத்தன் சலிப்போடு. "தவளைய மறைச்சுக்கிட்டே இருந்தாங்க."

பண்டிதரைத் திரும்ப அழைத்தார்கள்.

"பண்டிதரே, அந்தத் தவளை எந்தப் பக்கம் இருந்தது?"

"தவளையா? அரசே, அந்தக் காட்சியில் தவளையே கிடையாது. நான்கு முறை பார்த்தவன் சொல்கிறேன்."

சேனாதிபதி தம் கொண்டையைச் சரிசெய்தார். வடிவுடையாள் அம்மை மன்னரைப் பணிவோடு நோக்கி, "தாங்களும் அந்தக் காட்சியைப் பார்த்தீர்களே, அரசே? தவளை தெரிந்ததா?" என்றார்.

மன்னர் கூரையைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அம்மைக்கு ஒரு முத்துவடமும், மொசுகேக்கு ஓராண்டு தங்க விருந்தினர் மாளிகையும் அளித்தார். அதன்பின் ஆணை பிறந்தது:

"ஏழாம் காட்சியைப் பார்க்கச் சிறுவர்களுக்குத் தடையில்லை. பெரியவர்கள் ஒரு சிறுவரின் துணையோடு வந்தால் மட்டுமே அனுமதி."

பண்டிதர் வீட்டில் குழந்தைகள் இல்லை. மறுநாள் காலை அவர் அடுத்த வீட்டுக்குச் சென்று, ஒரு பிள்ளையை இரண்டு நாழிகைக்கு இரவல் கேட்டார்.