மேனேஜர் சொன்ன பார்

புதுச்சேரியில் ஒரு டைல்ஸ் கம்பெனி. அதன் மேனேஜர் தணிகாசலம் வாயைத் திறந்தால் தற்பெருமைதான். அந்த வருஷம் விற்பனை அமோகம் என்பதால், ஊழியர்களை ஒரு பாருக்கு அழைத்துப்போய் விருந்து வைக்கும்படி முதலாளி சொல்லிவிட்டார்.

தணிகாசலம் புதுக் குமாஸ்தா இருதயராஜைக் கூப்பிட்டார். "நான் பார் வாசப்படியை மிதிச்சதே இல்லப்பா. ஆனா நானே குறை சொல்ல முடியாத ஒரு பாரை இப்பவே நீ சொல்லணும். இல்லேன்னா விருந்தே கிடையாது!"

எல்லோர் முகமும் வாடிப்போயிற்று. இருதயராஜ் மெல்ல, "ரயிலடிகிட்ட இருக்கறது?" என்றான்.

"ஐயே, அங்க சோடாவுல காத்தே இருக்காது."

"மார்க்கெட் மாடியில?"

"மீன் வறுவல் நேத்து வறுத்தது."

"பஸ் ஸ்டாண்டு எதிர்ல?"

"நாற்காலி ஆடும். மூணாவது ரவுண்டுல ஆளே விழுந்துடுவான்!"

இருதயராஜ் கைகட்டி நின்றான். "வாசப்படி மிதிக்காமலே இவ்வளவு தெரியுதே சார்! நீங்களே ஒண்ணு சொல்லிட்டா குறை சொல்ல ஆளே இருக்காது."

அலுவலகமே சிரிப்பை அடக்கிக்கொண்டது. தணிகாசலம் திருதிருவென்று விழித்தார். "கடற்கரைப் பக்கம் ஒண்ணு நல்லா இருக்கும்னு... கேள்வி" என்று முனகினார்.

சாயங்காலம் எல்லோரும் அங்கே போனார்கள். சர்வர் ஓடிவந்து, "வாங்கண்ணே! வழக்கமான மேஜைதானே?" என்றான். தணிகாசலத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

இருதயராஜ் சட்டென்று முன்னால் வந்தான். "ஆமாப்பா, என்னோட வழக்கமான மேஜைதான். இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, இன்னொண்ணையும் சேர்த்துப் போடு."

அன்று இருதயராஜுக்கு முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்தவர் மேனேஜர்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவ்வளவு பழகிய கை!